கள்ளிக்கு வைத்தியம்

காலை ஏழு மணிக்கு மேஸ்திரி ஆதிகேசவனின் இரண்டு உள்ளங்கைகளும் ரத்தச் சிவப்பாக இருந்தன. உடம்பில் எங்கேயும் காயம் இல்லை.

வேட்டியில் துடைத்தார். வேட்டி சிவந்தது. வாளித் தண்ணீரில் கழுவினார். தண்ணீர் சிவந்தது.

"ஆரோக்கியம்! டேய் ஆரோக்கியம்! ஓடியாடா!"

சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டிக்கொண்டிருந்த ஆரோக்கியசாமி கையில் பிடித்த கோலோடு ஓடி வந்தான். மேஸ்திரியின் கைகளைப் பார்த்ததும் கோலைக் கீழே போட்டான்.

"இன்னாண்ணே, யார அடிச்சிட்ட?"

"யாரையும் அடிக்கலடா. ஒரு பூச்சிய நசுக்கினேன்."

"பூச்சிக்கு இவ்ளோ ரத்தமா? ஆட்டுக்குட்டி சைசுல இருந்துச்சா?"

ஆதிகேசவன் வேலியைக் காட்டினார்.

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகும் சாலையில் இருந்தது அந்தத் தோல்ஷாப்பு. அந்தச் சாலையில் மோட்டார் பஸ் ஓட ஆரம்பித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஷாப்புக்குப் பின்னால் தோல் காயப்போடும் களம். களத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்குச் சப்பாத்திக்கள்ளி வேலி.

தோல் இருக்கும் இடத்தில் நாய் இருக்கும். ஆம்பூர் நாய்கள் அத்தனையும் நாளுக்கு நாலு தரம் அந்த வேலிக்கு வெளியே வந்து மூக்கைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டுத் திரும்பிப் போகும். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாய்கூட உள்ளே வந்ததில்லை.

அந்தக் கள்ளியை நட்டவர் ஆதிகேசவன். அப்போது அவர் வெறும் கூலி. மலையடிவாரத்திலிருந்து சாக்கில் கள்ளி மடல்களைக் கட்டி, முதுகில் சுமந்து வந்து, ஒவ்வொன்றாக ஊன்றினார். ஒரு மாதம் குப்புறத்தான் படுத்தார். முதுகெல்லாம் முள். அந்த வருஷம் களத்தில் ஒரு தோல்கூடக் காணாமல் போகவில்லை என்பதைப் பார்த்த பழைய முதலாளி அவரை மேஸ்திரி ஆக்கினார். சிலருக்குப் படிப்பால் உத்தியோகம் வரும். ஆதிகேசவனுக்குக் கள்ளியால் வந்தது.

இப்போது அந்தக் கள்ளியில், யாரோ பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டியதுபோல் வெள்ளை வெள்ளையாக இருந்தது. பஞ்சுக்குள் பூச்சி. பூச்சிக்குள் சிவப்பு. சில மடல்கள் மஞ்சளாகித் துவண்டு தொங்கின.

"சீக்குடா," என்றார் ஆதிகேசவன். "கள்ளிக்குச் சீக்கு வந்துட்ச்சு."

"கள்ளிக்கா? வெட்டிப் போட்டாக்கூடச் சாகாதே அது!"

சாலையில் ஜட்கா வந்து நின்றது. முதலாளி இஷ்தியாக் அகமது இறங்கினார். பழைய முதலாளியின் மகன். நல்ல மனுஷர். கோபம் வந்தால் மட்டும் துருக்கித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார்.

வேலியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"இன்னா மேஸ்திரி இது?"

"ஏதோ பூச்சிங்க மொதலாளி. ஒரே வாரத்துல சரி பண்ணிடறேன்."

"பாரு மேஸ்திரி. வேலி நின்னா நீ மேஸ்திரி. வேலி உழுந்தா நீதான் வேலி. நாய் வர்ற எடத்துல உன்னத்தான் நிக்க வைப்பேன்."

அவர் சொன்னதைச் செய்பவர்.

ஆரோக்கியசாமி காதருகே வந்து கிசுகிசுத்தான். "அண்ணே, முடி உதிர்க்கறதுக்குச் சுண்ணாம்புல அரிதாரம் கலக்கறோமே, அத்த ரெண்டு படி கரைச்சு ஊத்து. பூச்சியும் சாவும், பூச்சியோட பாட்டனும் சாவான்."

"பாட்டன் மட்டுமா சாவான்? கள்ளிப்பழம் பறிக்கத் தெருப் பசங்கல்லாம் வர்றாங்க. இன்னிக்குப் பழம் தின்னா நாக்கு சிவக்குது. அரிதாரம் ஊத்தினா நாக்கு வெளிய தள்ளும். வேலி ஓரத்துல கெணறு வேற கீது. வெசம் கூடாதுடா. வேற வைத்தியம்தான் பாக்கணும்."

வேற வைத்தியம் வீட்டிலேயே கிடைத்தது.

"அவரக்கொடில பூச்சி வந்தா நான் இன்னா பண்றேன்?" என்றாள் மனைவி மீனாம்பாள், மேஸ்திரியின் வேட்டியை மூன்றாவது தடவை அலசிக்கொண்டே. "அடுப்புச் சாம்பல் தூவறேன். நாலே நாள்ல பூச்சி போய்டுது."

"அவரக்கொடி ஒரு பந்தல். இது ஒரு பர்லாங்கு."

"அப்போ ஒரு பர்லாங்குக்குச் சாம்பல் எடுத்துக்கினு போ."

அவ்வளவு சாம்பல் எந்த வீட்டு அடுப்பில் இருக்கும்? ஆதிகேசவன் யோசித்தார். பஜாரில் பிரியாணிக் கடைகள் இருந்தன. விடிந்தது முதல் விறகு எரிகிற அடுப்புகள். இரண்டு கடைக்காரர்கள் சந்தோஷமாக ஆறு மூட்டை சாம்பலை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள்.

மறுநாள் காலையில் ஆறு ஆட்கள் வேலி முழுக்கச் சாம்பலைத் தூவினார்கள். வேலி விபூதி பூசிய சாமியார் மாதிரி நின்றது. ஆதிகேசவன் தூரத்திலிருந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

பத்து மணிக்குப் பாலாற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது.

களத்தில் அன்றைக்கு நானூறு ஆட்டுத்தோல் காய்ந்துகொண்டிருந்தது. பதனிட்டு, எண்ணெய் தடவி, இளம் பொன்னிறத்தில் மினுமினுத்த தோல்கள். சாம்பல் முழுவதும் வேலியைவிட்டுக் கிளம்பி, எண்ணெய்ப் பசையில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது.

அது போதாதென்று, அந்தச் சாம்பலில் கடைக்காரர்கள் அடுப்பில் வீசிய எலும்புத் துண்டுகளும் கலந்திருந்தன. மத்தியானத்துக்குள் வேலிக்கு வெளியே நாய்க்கூட்டம். பெருமூச்சு விட்டுக்கொண்டு போகும் நாய்கள் இப்போது உட்கார்ந்து சாப்பிட்டன.

"சபாஷ் மேஸ்திரி," என்றார் இஷ்தியாக் அகமது, தொப்பியைக் கழற்றி. "நாய் வராம இருக்கத்தானே வேலி? நீ நாய்க்கு விருந்து வெச்சிட்டே."

நானூறு தோலையும் திரும்பக் கழுவி, திரும்ப எண்ணெய் தடவினார்கள். ஆதிகேசவனும் கூட உட்கார்ந்து கழுவினார். மேஸ்திரி ஆனபிறகு அவர் தோல் கழுவியது அதுதான் முதல் தடவை.

பூச்சிகள் சாம்பலை உதறிவிட்டு இன்னும் வெள்ளையாக இருந்தன.

ஷாப்பில் தோல் பதனிடக் கடுக்காய் உடைக்கும் பெண்களில் ஜஹீதா என்று ஒருத்தி இருந்தாள். பேரணாம்பட்டுக்காரி. அவள் வீட்டில் எல்லோரும் பீடி சுற்றுகிறவர்கள்.

"மேஸ்திரி, சாம்பல் எதுக்கு ஆவும்?" என்றாள் அவள். "எங்க ஊட்டு ரோஜாச்செடில பூச்சி புடிச்சா, பீடித்தூள வேக வெச்சு அந்தத் தண்ணிய அடிப்போம். பூச்சிங்க மயங்கிக் கொட்டும்."

"வெசம் இல்லியே?"

"ஊர்ல இருக்கற ஆம்பளைங்கல்லாம் அத்தத்தானே இழுக்கறாங்க? செத்தா போய்ட்டாங்க?"

ஆதிகேசவனுக்கு அது நியாயமாகப் பட்டது. மறுநாள் ஜஹீதா இரண்டு மூட்டை புகையிலைத் தூள் கொண்டுவந்தாள். ஆவாரம்பட்டைச் சாறு காய்ச்சும் பெரிய செப்பு அண்டாவில் அதைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, கொட்டகைக்குள் வைத்து அடுப்பைப் பற்ற வைத்தார்கள்.

ரோஜாச்செடிக்கு ஒரு சொம்பு போதும். இது அண்டா. தண்ணீர் கொதித்ததும் ஆவி கொட்டகையை நிறைத்தது. முதலில் அடுப்பில் விறகு தள்ளியவன் உட்கார்ந்தான். அப்புறம் துழாவியவன் உட்கார்ந்தான். அப்புறம் அவர்களைத் தூக்க வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பிறந்ததிலிருந்து ஒரு பீடிகூடப் பிடிக்காத ஆரோக்கியசாமி மட்டும் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணே, அந்தோணியார் வந்துகீறாரு. என்னப் பாத்துக் கை காட்றாரு."

"போவாதடா!" என்று அவன் காலைப் பிடித்து வெளியே இழுத்தார் ஆதிகேசவன். "இன்னும் வேலி முடியல!"

என்ன சத்தம் என்று பார்க்க உள்ளே வந்த முதலாளி ஒரே ஒரு மூச்சு இழுத்தார். சாயங்காலம்வரை அவருக்கு விக்கல் நிற்கவில்லை. அதனால் திட்ட முடியவில்லை. அந்த ஒன்றுதான் அன்றைக்கு நடந்த நல்லது.

ஆவியெல்லாம் அடங்கினபிறகு, பாதி மயக்கத்தில் இருந்தவர்களை வைத்துக்கொண்டு, துடைப்பத்தால் அந்தத் தண்ணீரை வேலி முழுக்கத் தெளித்தார் ஆதிகேசவன். தண்ணீர் பஞ்சின்மேல் பட்டது. முத்து முத்தாக உருண்டது. தாமரை இலைத் தண்ணீராகக் கீழே விழுந்தது. பூச்சி ஒரு சொட்டுக்கூட நனையவில்லை. மழைக்கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எண்ணெச்சட்டிய வெறும் தண்ணில கழுவினா போவுமா?" என்றாள் ஜஹீதா, கொஞ்சமும் தளராமல். "சோப்பு போடணும் மேஸ்திரி. சோப்பும் வேப்பெண்ணெயும் கலக்கி, தேங்கா நாரால தேய்க்கணும். மேல இருக்கற மெழுகு போனாத்தான் மருந்து உள்ள போவும்."

"இத்த நேத்தே சொல்லக்கூடாதா?"

"நேத்து நீ கேக்கலியே."

இந்தத் தடவை வைத்தியம் பலித்தது. பலித்ததுதான் வம்பாகப் போயிற்று.

நீளமான கழிகளில் தேங்காய் நாரைக் கட்டி, வேப்பெண்ணெய்ச் சோப்புத் தண்ணீரில் தோய்த்து, சாலையோரத்து வேலியை எட்டுப் பேர் தேய்த்தார்கள். பஞ்சு கரைந்தது. பூச்சிகள் நசுங்கின. ஒவ்வொரு மடலிலிருந்தும் சிவப்பு வழிந்தது. மடலிலிருந்து வேருக்கு, வேரிலிருந்து வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து சாலையோரத்துக்கு. ஆயிரக்கணக்கான பூச்சிகளின் சிவப்பு ஒன்றாகச் சேர்ந்து, பேரணாம்பட்டுச் சாலையில் ஓடியது.

அன்றைக்குச் சந்தை நாள். கூடை நிறையக் கத்திரிக்காயோடு வந்த பட்டம்மாள் என்ற காய்கறிக்காரி காலில் ஏதோ ஈரம் பட்டதென்று குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து வேலியைப் பார்த்தாள். கத்திரிக்காயெல்லாம் சாலையில் உருண்டது.

"ஐயோ! கள்ளி ரத்தக்கண்ணீர் உடுதே! ஆத்தா! கள்ளியாத்தா!"

அரைமணியில் சந்தையே அங்கு வந்துவிட்டது. ஒரு போலீஸ்காரரும் வந்தார். கொலை என்று நினைத்து வந்தவர், வாய்க்காலில் விரலை விட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, வேப்பெண்ணெய் வாடை அடித்ததும், "வேப்பெல வாசன வருது, இது அம்மன் கேஸு, நமக்கு அதிகாரம் இல்ல," என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"அது பூச்சிம்மா! பூச்சி ரத்தம்! நான்தான் தேய்ச்சேன்!" என்று ஆதிகேசவன் கத்தினார். கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை நாற்பது பெண்கள் வந்தார்கள். சாலையோரத்தில் அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைத்தார்கள். வேலிக்கு மஞ்சள் துணி கட்டினார்கள். மாலை போட்டார்கள். முன்வரிசையில் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றவளைப் பார்த்து ஆதிகேசவன் திடுக்கிட்டார்.

"நீ எதுக்கு இங்க வந்தே?"

"ஊரே வந்திருக்கு. நான் வராம?" என்றாள் மீனாம்பாள்.

"அடியே, இத்தன நாளா என் வேட்டிய நீதானே தொவைக்கறே? அது பூச்சின்னு உனக்குத் தெரியாதா?"

"ஆத்தா பூச்சி ரூபத்துல வரக்கூடாதுன்னு ஏதாவது சட்டம் கீதா?"

ஆதிகேசவன் வேலிப் பக்கம் திரும்பினார்.

ஆட்களைக் கூப்பிட்டு மிச்ச வேலியைத் தேய்க்கச் சொன்னார். எட்டுப் பேரும் கழிகளைக் கீழே வைத்துவிட்டார்கள். "ஆத்தா மூஞ்சில நாரு போட்டுத் தேய்க்கறதா? எங்க ஊட்ல கொழந்தகுட்டி கீது மேஸ்திரி." ஆரோக்கியசாமி கிறிஸ்தவன், அவனாவது வருவான் என்று பார்த்தார். "எதுக்குண்ணே வம்பு," என்றான் அவன். "நமக்கும் ஆத்தாவுக்கும் நல்ல பழக்கம்."

முதலாளி வந்தார். வேலியையும் மாலைகளையும் பொங்கல் பானைகளையும் பார்த்தார்.

"மேஸ்திரி, எங்க அத்தா எனக்குத் தோல்ஷாப்பு உட்டுட்டுப் போனாரா, கோயில் உட்டுட்டுப் போனாரா?"

"மொதலாளி, நான் போயி அவங்களத் தொரத்தட்டுமா?"

"யா அல்லா, வேணாம்! சாமி கும்புடற பொம்பளைங்களத் தொரத்தின பாவம் எனக்கு எதுக்கு? ஆனா ஒண்ணு, தோல் பத்திரம்."

தோல் பத்திரமாக இல்லை. பொங்கல் வாசனைக்கு நாய்கள் வந்தன. மாலையைத் தின்ன ஆடுகள் வந்தன. ஆடுகள் மாலையை இழுத்த இழுப்பில், களத்தின் மூலையில் ஏற்கெனவே பழுத்துத் துவண்டிருந்த இரண்டு கள்ளிப் புதர்கள் சாய்ந்தன. பன்னிரண்டு வருஷத்தில் முதன்முதலாக வேலியில் ஒரு சந்து விழுந்தது.

அதன் வழியாக ஒரு செவலை நாய் நுழைந்தது. உள்ளே வந்ததும் ஒரு நிமிஷம் அதற்கே நம்பிக்கை வராமல் சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு இருப்பதில் பெரிய தோலாகப் பார்த்துக் கவ்விக்கொண்டு சாலையில் ஓடியது.

ஆதிகேசவன் விரட்டினார். ரயில்வே கேட்வரை விரட்டினார். திரும்பி வந்தபோது கையில் பாதித் தோல் இருந்தது. காலில் செருப்பு இல்லை.

முதலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். வேலி மூலையில் விழுந்த இடைவெளியை விரலால் காட்டினார்.

மறுநாள் காலையிலிருந்து ஆதிகேசவன் வேலியாக நின்றார்.

இரண்டு கள்ளிப் புதர்களுக்கு நடுவே, கையில் ஒரு தடியோடு, காலையிலிருந்து பொழுது சாயும்வரை. அந்தப் பக்கமாகப் போன பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பொங்கல் வைக்க வந்த பெண்கள் வேலிக்கு வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, சந்து வந்ததும் அவர் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டு, அடுத்த மடலுக்குப் போனார்கள். ஒரு கிழவி அவருக்கும் ஒரு மாலை போட்டாள். அந்த மாலையையும் ஆடு தின்றது.

நின்ற இடத்திலிருந்து வேலியின் மறுபாதி அவர் கண்ணுக்கு நேரே தெரிந்தது. அங்கே யாரும் தேய்க்கவில்லை. பஞ்சு நாளுக்கு நாள் பெருகியது. அவர் முதுகில் சுமந்து வந்து நட்ட கள்ளி, கண்ணெதிரே மடல் மடலாகப் பழுத்துச் சாய்ந்தது. மூன்றாம் நாள் அவருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. "ஆத்தா அருள் வந்து அழறாரு," என்று பெண்கள் குலவையிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆரோக்கியசாமியை ஒரு காகிதம் கொண்டுவரச் சொன்னார். அவன் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன்.

"சர்க்காருக்கு எழுதுடா. விவசாய இலாகாவுக்கு. செடிக்குச் சீக்கு வந்தா அவங்கதானே பாக்கணும்?"

ஆரோக்கியசாமி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான்:

'கனம் பொருந்திய துரையவர்கள் சமூகத்துக்கு, ஆம்பூர் தோல்ஷாப்பு மேஸ்திரி ஆதிகேசவன் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. எங்கள் சப்பாத்திக்கள்ளி வேலியை ஒரு வெள்ளைப் பூச்சி பிடித்துத் தின்கிறது. நசுக்கினால் சிவப்பாக இருக்கிறது. சாம்பல் போட்டோம், பறந்தது. புகையிலை போட்டோம், நாங்கள் விழுந்தோம். ஜனங்கள் பூச்சியைக் கும்பிடுகிறார்கள். வேலி இருக்கவேண்டிய இடத்தில் நான் நிற்கிறேன். துரையவர்கள் உடனே வந்து காப்பாற்ற வேண்டியது.'

தபாலில் போட்டார்கள். சர்க்கார் பதில் நாளைக்கே வருமா? மறுநாளும் அவர் வேலியாகத்தான் நின்றார்.

மத்தியானம் மீனாம்பாள் சோறு கொண்டுவந்தாள். புருஷன் வெயிலில் பொட்டும் தடியுமாக நிற்பதைப் பார்த்தாள். சோற்றைக் கையில் கொடுத்தாள். பிறகு நேரே பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் போனாள்.

"இந்தாங்கம்மா, கேட்டீங்களா? காலைல கண் அசந்தேன். ஆத்தா கனவுல வந்தா."

கரண்டிகள் நின்றன.

"உடம்பெல்லாம் அரிக்குதாம். எல்லாரும் பொங்கல் வெக்கறாங்களே, ஒருத்தியாவது தலைக்கு ஊத்தினாளான்னு கேட்டா. வேப்பெண்ணெ தேய்ச்சு, சீயக்கா போட்டு, மடலு மடலா அழுக்குப் போவக் குளிப்பாட்டணுமாம். ஒரு பொட்டுப் பஞ்சுகூட ஒட்டியிருக்கக் கூடாதாம். மூணு நாளைக்கு."

ஆதிகேசவன் வாயில் வைத்த சோற்றை மென்று விழுங்க மறந்தார்.

"நெஜமாவே கனவா?" என்று அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"ஏன், என் கனவுக்கு உன்கிட்ட ரசீது வாங்கணுமா?"

மறுநாள் நாற்பது பேர் இல்லை, நூற்றிருபது பேர் வந்தார்கள். வீட்டுக்கு வீடு வேப்பெண்ணெய், வீட்டுக்கு வீடு சீயக்காய். கழியில் நாரைக் கட்டிக்கொண்டு, மகளைக் குளிப்பாட்டுகிற மாதிரி, மடலின் முன்பக்கம், பின்பக்கம், இடுக்கு என்று ஒன்று விடாமல் தேய்த்தார்கள். முள் குத்தியவர்கள், "ஆத்தா என்னத் தொட்டுட்டா!" என்று சந்தோஷப்பட்டார்கள். முதல்நாள் வாய்க்கால் சிவப்பாக ஓடியது. இரண்டாம் நாள் வெளிறிய சிவப்பு. மூன்றாம் நாள் வெறும் சீயக்காய்த் தண்ணீர்.

சிவப்பு நின்றதும், "ஆத்தா மனசு குளிர்ந்து மலையேறிட்டா," என்று சொல்லி எல்லோரும் பானைகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு மாதத்தில் வேலி தளதளவென்று ஆயிற்று. சாய்ந்த இடத்தில் ஆதிகேசவன் நட்ட புது மடல்கள் வேர் பிடித்தன. பழைய புதர்களில் மஞ்சள் பூ பூத்தது. நாய்கள் மறுபடி வெளியே நின்று பெருமூச்சு விட்டன. இஷ்தியாக் அகமது தொப்பியைக் கழற்றாமலேயே வேலியைச் சுற்றி வந்தார். பிறகு ஜரிகை போட்ட ஒரு தலைப்பாகையை ஆதிகேசவன் தலையில் தன் கையாலேயே கட்டினார்.

"ஒரு துளி வெஷம் இல்லாம சாதிச்சிட்டே மேஸ்திரி. எங்க அத்தா இருந்தா அழுதிருப்பாரு."

ஷாப்பில் எல்லோருக்கும் அன்று விருந்து. ஆரோக்கியசாமி மூன்று தரம் பிரியாணி வாங்கினான். ஜஹீதாவுக்கும் மீனாம்பாளுக்கும் முதலாளி ஆளுக்கொரு புடவை கொடுத்தார்.

அதற்கு அடுத்த வாரம்தான் சர்க்கார் வந்தது.

ஜட்காவிலிருந்து கோட்டு போட்ட அதிகாரி ஒருவர் குதித்தார். பின்னாலேயே இரண்டு காலிக் கூடைகளைத் தூக்கிக்கொண்டு அவருடைய சேவகர் இருதயராஜ் இறங்கினார். அதிகாரி கையில் ஆரோக்கியசாமி எழுதிய காகிதம் இருந்தது. மனுஷர் பரபரப்பில் வணக்கம் சொல்லக்கூட மறந்துவிட்டார்.

"இந்தக் கடுதாசி எழுதினது யார்? வெள்ளைப் பூச்சி, நசுக்கினால் சிவப்பு, சரிதானே? கள்ளியைத் தின்கிறது, சரிதானே? இவ்வளவு தூரம் தானாகவே வந்துவிட்டதா!"

நமக்காக இந்த மனுஷர் எவ்வளவு பதறுகிறார் என்று ஆதிகேசவனுக்கு நெஞ்சு நிறைந்தது. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

"நீங்க பதறாதீங்க சார். வாங்க, காட்டறேன்."

அதிகாரி பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வேலியில் குனிந்தார். ஒரு மடலைப் பார்த்தார். அடுத்த மடலைப் பார்த்தார். மண்டி போட்டு அடிமடலைப் பார்த்தார். ஒரு பர்லாங்கும் அப்படியே போனார். பின்னாலேயே ஆதிகேசவன் சோப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, நாரை எந்தப் பக்கமாக இழுக்கவேண்டும், சீயக்காயை எத்தனை தரம் சலிக்கவேண்டும் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே போனார்.

களத்து மூலைக்கு வந்ததும் அதிகாரி நிமிர்ந்தார். கோட்டு முழுக்க முள்.

"ஒன்றுகூடவா இல்லை?" என்று கேட்டார்.

ஆதிகேசவன் நெஞ்சை நிமிர்த்தினார். இந்தத் தருணத்துக்காகத்தான் அவர் வெயிலில் நின்றார், பொட்டு வாங்கினார், ரயில்வே கேட்வரை ஓடினார்.

"மருந்துக்குக்கூட ஒரு பூச்சி கெடையாது சார்!"

அதிகாரி அப்படியே பக்கத்தில் இருந்த ஆவாரம்பட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டார். ஆதிகேசவன் ஒன்றும் புரியாமல் சேவகரைப் பார்த்தார்.

இருதயராஜ் காலிக் கூடைகளைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"அந்தப் பூச்சிதாங்க மேஸ்திரி மருந்து! ஜில்லா பூரா காடா மண்டிக் கெடக்கற இந்தக் கள்ளிச் சனியன அழிக்கறதுக்கு, சர்க்காரு கொழும்புலேர்ந்து கப்பல்ல வரவழைச்சு உட்டது."